மாப்பிள்ளை காரும் எங்கள் உளுந்தும்

அந்தக் கார் என் கடை வாசலில் வந்து நின்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஒரு பக்கம் தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரி, இன்னொரு பக்கம் சேறு காய்ந்துபோன டிராக்டர், நடுவில் இது. தரைக்கும் அதன் வயிற்றுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தால் அதிகம். நிறம் வேறு வெள்ளை. கரிசல் காட்டுக்குள் வெள்ளைக் காரில் வருகிறவனைப் பற்றி நான் தனியாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

நான் கோவில்பட்டியில் ரேடியேட்டர் வேலை பார்ப்பவன். லாரி, பஸ், டிராக்டர் எது கொதித்து வந்தாலும் கழற்றி, அடைப்பெடுத்து, ஓட்டைக்கு ஈயம் வைத்துக் கொடுப்பேன். இருபத்தைந்து வருஷமாக இதே வேலை. இந்தப் பக்கத்து உப்புத் தண்ணீர்தான் எனக்குச் சோறு போடுகிறது. டிரைவர்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றுவார்கள், உள்ளே உப்புப் படியும், வண்டி கொதிக்கும், என்னிடம் வருவார்கள். நல்ல தண்ணீராகப் பார்த்து ஊற்றுங்கள் என்று ஒரு நாளும் நான் அவர்களிடம் சொன்னதில்லை.

வெள்ளைக் காரில் வந்தவன் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவன். எங்கள் ஆட்கள்தான். கயத்தாறுக்குக் கிழக்கே காடு கரை உள்ள குடும்பம். ஆனால் இவன் படித்தது கோயம்புத்தூரில், வேலை பார்ப்பது பெங்களூரில். பெண் பார்க்க வந்த இடத்தில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு எண்ணெய் விரலைத் துடைக்கப் பேப்பர் கேட்டான். வேட்டி கட்டியிருந்தான், அதற்கு மேல் பெல்ட்டும் போட்டிருந்தான். அன்றைக்கே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

அக்காள் புருஷன் காலமாகி ஏழு வருஷமாகிறது. அதனால் அந்த வீட்டில் தாய்மாமன் நான் சொல்வதுதான் சொல். அக்காவோ பெங்களூர் சம்பளம் என்றதும் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். அக்காள் மகள் மட்டும் யோசிக்கப் பத்து நாள் கேட்டிருந்தாள். அவள் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதிகம் பேச மாட்டாள், பேசினால் வெட்டியாகப் பேச மாட்டாள்.

அவன் கார் வேலைக்காக என் கடைக்கு வரப்போவது தெரிந்து, முந்தின நாள் டியூட்டி முடிந்ததும் நேராகக் கடைக்கு வந்தாள்.

"மாமா, நாளைக்கு அவிய இங்கன வாராவளாம். ஒரு நாள் பூரா நீங்க கூட இருப்பீங்க. ஒரு மணி நேரம் எதுக்க உக்காந்து பார்த்ததுல எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க பார்த்துட்டு உள்ளதச் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா நானும் வேண்டாம்னுருவேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெண் பார்க்கும் சடங்கில் நடுவீட்டில் உட்கார வைத்து மரியாதை செய்ததைவிட இது பெரிதாக இருந்தது. நீ கவலைப்படாதே, ஆளை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். என்ன சொல்லப் போகிறேன் என்பது அப்போதே என் மனசில் முடிவாகியிருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

அவன் கொண்டுவந்த வேலை இதுதான். பெங்களூரில் எவனோ ஒருவன் அந்தச் சின்ன இன்ஜினில் சூப்பர்சார்ஜர் என்ற சாமானை மாட்டிவிட்டிருந்தான். பெல்ட்டில் சுற்றும் காற்றுப் பம்பு, அவ்வளவுதான். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும், வண்டி பாயும். அமுக்கின காற்று சூடாகும். அந்தச் சூட்டை ஆற்ற, இன்ஜின் தண்ணீரோடு சேராமல் தனியாக ஒரு தண்ணீர்ச் சுற்று ஓடும். அந்தத் தண்ணீர் வண்டியின் முகப்பில் இருக்கும் ஒரு சின்ன ரேடியேட்டருக்கு வந்து, எதிர்க்காற்றில் ஆறித் திரும்பிப் போகும். அதற்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பெயர். பெங்களூர் குளிருக்குப் பழைய சின்னதே போதுமாக இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வெயிலில் சாத்தூர் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி, இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டதாம். அதனால் இரண்டு மடங்கு தடிமனான ஒன்றை வெளிநாட்டிலிருந்து அவசரக் கூரியரில் வரவழைத்திருந்தான். இங்கே யாரிடம் மாட்டுவது என்று விசாரித்தபோது அக்காதான் என்னைக் கைகாட்டிவிட்டாள்.

"ரேடியேட்டர்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. எதுக்கு இம்புட்டு நீளமா ஒரு பேரு" என்றேன்.

"சரிங்க சார்" என்றான். பெண் கேட்டு வந்த வீட்டின் தாய்மாமனை சார் என்று கூப்பிடும் ஆளை என்னவென்று சொல்வது.

அட்டைப் பெட்டியைத் திறந்தான். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பஞ்சு, அதற்குள் பிளாஸ்டிக் உறை. பச்சைப் பிள்ளையை எடுப்பது மாதிரி இரண்டு கையாலும் எடுத்தான். பிறகு பாக்கெட்டிலிருந்து ஒரு ஜோடி கறுப்புக் கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக இழுத்து மாட்டினான். என் கடையில் இருந்த இரண்டு டிரைவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் சும்மா இருப்பேனா. ஆபரேஷன் தியேட்டர் அந்தப் பக்கம், இது ரேடியேட்டர் கடை என்றேன். கையில் கரி படாதவனை நாங்கள் ஆம்பளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை என்றும் சொன்னேன். டிரைவர்கள் சிரித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்துவிட்டு, கையுறையைக் கழற்றி மடித்து, பட்டறைச் சுவரில் இருந்த ஆணியில் தொங்கவிட்டான். ரோஷம்கூட இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முன் பம்பரைக் கழற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் போனில் படம் எடுத்தான். கழற்றிய திருகுகளைப் பேப்பரில் வரிசையாக வைத்து, எது எந்த இடத்துத் திருகு என்று பக்கத்திலேயே எழுதினான். நான் என் வழக்கப்படி ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தேன், பிளாஸ்டிக் கிளிப் ஒன்று பட்டென்று உடைந்தது. அவன் பையைத் திறந்து அதே மாதிரி வேறொரு கிளிப்பை எடுத்து வைத்தான். உடையும் என்று தெரிந்தே வாங்கி வந்திருக்கிறான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னை எதிர்பார்த்து வாங்கி வந்த மாதிரி இருந்தது.

புதியது பழையதைவிடத் தடிமன் என்பதால் இருக்கிற இடத்தில் உட்காரவில்லை. தாங்குப் பட்டையை வளைத்துத் துளை போட வேண்டும். கண்ணால் பார்த்தே போட்டுவிடுவேன் என்றேன். அவன் மூன்று தடவை அளந்தான். நான் கண்ணால் பார்த்துப் போட்ட துளை கால் அங்குலம் தள்ளி விழுந்தது, அவன் அளந்து போட்டது சரியாக உட்கார்ந்தது. டிரில் பிட் மழுங்கிவிட்டது என்று சொல்லி வைத்தேன். ரப்பர் ஹோஸ்களை மாட்டி கிளிப்பை முறுக்கினோம். தண்ணீர் ஊற்றும் நேரம் வந்தபோது நான் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தேன். அவன் காரின் பின்னாலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் இரண்டு கேன் கொண்டுவந்தான்.

"உப்புத் தண்ணி ஊத்தினா ஆறு மாசத்துல அடைச்சிருமே சார்" என்றான்.

என் தொழில் ரகசியத்தை என் கடையில் நின்றே எனக்குச் சொல்கிறான். டிரைவர்கள் காதில் விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் காற்றெடுக்கும் வேலை. தண்ணீர்ச் சுற்றுக்குள் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் பம்பு வெறுமனே சுற்றும், தண்ணீர் ஓடாது. எல்லாம் போய்விட்டது, மூடியைப் போடுங்கள் என்றேன். அவன் தரையில் படுத்து, பம்பில் காதை வைத்துக் கேட்டு, இன்னும் கொஞ்சம் நிற்கிறது என்றான். ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டான். கொளகொளவென்று ஒரு பெரிய குமிழி வந்து வெடித்தது. தலையெல்லாம் கரிசல் மண்ணோடு எழுந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் டீ சொல்வதற்காக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மாசி மாசத்து வெயில் ரோட்டில் அலை அலையாக நின்றது. அவன் நாலுவழிச் சாலையில் போகலாம் என்றான். நான்தான் புதூர் ரோட்டுக்குத் திருப்பச் சொன்னேன். அந்த ரோட்டில்தான் எங்கள் ஊர், எங்கள் நிலம். எந்தக் குடும்பத்தில் பெண் கேட்கிறான் என்பதை அவன் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சின்ன டப்பாவைச் செருகியிருந்தான். அது இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூட்டைப் போனில் காட்டும். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று நின்றது. முன்பெல்லாம் இந்நேரம் எழுபதைத் தாண்டியிருக்கும், உங்களால்தான் சார் என்றான். துளையைத் தப்பாகப் போட்டு, கிளிப்பை உடைத்து, காற்று போய்விட்டது என்று பொய் சொன்னவனுக்கு நன்றி சொல்கிறான். ஐஸ் வைக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊருக்குப் பிரியும் விலக்கு தாண்டியதும் ரோட்டில் பாதிக்கு உளுந்துச் செடி பரப்பியிருந்தது. பிந்தி விதைத்த உளுந்து. என் தம்பிதான் ஊரில் விவசாயம் பார்க்கிறான், அவன் பரப்பியது. எங்கள் பக்கம் களத்தில் போட்டு அடிப்பதெல்லாம் குறைந்துபோய் ரொம்ப நாளாகிறது. செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டில் போட்டுவிட்டால், போகிற வருகிற வண்டிகள் மிதித்து நெற்று உடைந்து, சாயங்காலம் தூற்றி அள்ளிக்கொள்ளலாம். மிதிக்காமல் ஒதுங்கிப் போகும் வண்டிக்காரனை யாரும் மதிக்க மாட்டார்கள்.

அவன் உளுந்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டான்.

"சார், இது ரொம்பத் தாழ்வான வண்டி. செடி அடியில சுத்திக்கும். தூசி முன்னாடி போய் அடைக்கும். அந்தப் பக்கம் ஒதுங்கிப் போயிடட்டுமா?"

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த குற்றம் கையில் கிடைத்த சந்தோஷமும் அதில் இருந்தது.

"இது எங்க உளுந்து. எங்க வீட்டுப் பொண்ணு வேணும், எங்க உளுந்து மேல வண்டிய ஏத்த மாட்டீங்களோ?"

அவன் என் முகத்தை ஒரு நொடி பார்த்தான். பிறகு உளுந்தின் மேல் ஏற்றினான். நெற்று சடசடவென்று உடைந்தது. அந்தக் கடைசிக்குப் போனதும், திருப்புங்கள், இன்னொரு தடவை என்றேன். திருப்பினான். மூன்றாவது தடவையும் போகச் சொன்னேன். ஓரத்தில் முறத்தோடு நின்ற பெண், மாப்பிள்ளை காரா அண்ணாச்சி என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டினேன். அந்தச் சந்தோஷத்தில் நாலாவது தடவையும் போகச் சொன்னேன்.

பாதியில் போனில் எண் ஏறத் தொடங்கியது. ஐம்பது, அறுபது, எழுபத்தைந்து. வைக்கோல் தீயும் வாசனை வந்தது. அடியிலிருந்து புகை. நிறுத்துங்கள், நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன். அவன் நிறுத்தவில்லை. உளுந்து முழுவதையும் தாண்டி, வெறும் ரோட்டுக்குக் கொண்டுபோய்த்தான் நிறுத்தினான். நான் சொன்னதைக் கேட்டு அங்கேயே நிறுத்தியிருந்தால் எங்கள் உளுந்து பூராவும் எரிந்திருக்கும். அது எனக்கு வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது.

குதித்து இறங்கிப் பார்த்தேன். பம்பரின் வாய் பூராவும் உளுந்துத் தூசி மெத்தை மாதிரி அடைத்திருந்தது. வண்டிக்கு அடியில் காய்ந்த செடி கயிறு மாதிரி சுற்றி, புகைக் குழாய்க்கும் அதன் மேலே இருக்கும் வரிவரியான தகட்டுக்கும் நடுவே திணிந்து கருகிக்கொண்டிருந்தது. அவன் ரோட்டில் மல்லாந்து படுத்து உள்ளே கையை விட்டான். வெறுங்கை. செடியைப் பிடித்து இழுத்து இழுத்து வெளியே எறிந்தான். நான் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றேன். இருபத்தைந்து வருஷமாகச் சூட்டை ஆற்றுவதுதான் என் தொழில் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்.

புகை அடங்கியது. வெளியே வந்து வலது கையை விரித்துப் பார்த்தான். உள்ளங்கையில் தகட்டின் வரி வரியாகத் தோல் வெந்திருந்தது. பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். பிறகு ஒரு குச்சியை ஒடித்து, இடது கையாலேயே ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மடிப்புகளுக்குள் இருந்த தூசியை ஒவ்வொரு வரிசையாகத் தட்டிவிட்டான். அரைமணி நேரம் ஆயிற்று. நானும் பக்கத்தில் குந்திச் செய்தேன். அவன் ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். திரும்பி வரும் வழியில் உளுந்து கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டான்.

அக்கா வீட்டில் போய் இறங்கியதும் அக்கா கையைப் பார்த்துவிட்டாள். என்ன ஆச்சு என்று பதறினாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். சூடு ஆறுவதற்குள் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டேன், என் தப்புத்தான் என்றான். அக்கா என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பட்டணத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது அக்கா என்று சொல்லிச் சிரித்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான். அக்காள் மகள் டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். மருந்துப் பெட்டியை எடுத்து வந்து, காயத்தைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் கடைக்கு வந்தாள். அவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

"சொல்லுங்க மாமா. அவிய எப்படி?"

ராத்திரி பூராவும் இதற்கு என்ன சொல்வது என்று யோசித்திருந்தேன். நல்லதாகச் சொல்லப்போனால் உளுந்தைச் சொல்ல வேண்டும், நாலு தடவை மிதிக்க வைத்ததைச் சொல்ல வேண்டும், பாட்டிலோடு நின்றதைச் சொல்ல வேண்டும். அதைவிட லேசான வழி ஒன்று இருந்தது.

"பொறுமை இல்லாத ஆளு தாயி. சூட்டோட மூடியத் தொறக்காதீங்க, தொறக்காதீங்கன்னு நான் சொல்லச் சொல்லக் கேக்காம தொறந்தாரு. சொல்பேச்சு கேக்காத ஆள நம்பி உன்ன எப்படிக் குடுக்க. எனக்குச் சரியாப் படல."

என்னைக் காப்பாற்ற அவன் சொன்ன பொய்யை எடுத்து அவன் தலையிலேயே போட்டேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

அவள் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எங்க ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு ஒரு லாரிக்காரராவது மூடியத் தொறந்துட்டு வாராவ மாமா. மூஞ்சி, கழுத்து, முழங்கை எல்லாம் வெந்திருக்கும். இவியளுக்கு உள்ளங்கைல மட்டும் வரி வரியா இருக்கு. நகத்துக்குள்ள பூரா உளுந்தந்தூசி. மூடி தொறந்தா எங்கன சுடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். காயத்துக்குக் கட்டுப்போடும்போது எப்படிப் பேசுவாளோ அப்படியே பேசினாள்.

"அவிய ஏன் பொய் சொன்னாவன்னு நேத்தே எனக்குப் புரிஞ்சுட்டு. நீங்க என்ன சொல்லுதீங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

சுவர் ஆணியில் அந்தக் கறுப்புக் கையுறை மடித்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அது அவிய கையுறைதானே என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். எட்டி எடுத்தாள். கையில் வைத்துக்கொண்டு, இது இங்கே எதற்குத் தொங்குகிறது என்று கேட்கப் போகிறாள் என்று பயந்தேன். அவள் கேட்கவில்லை. கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனாள்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. தாய்மாமன் சீர் எதிலும் நான் குறை வைக்கவில்லை. பட்டும் மாலையும் என் கையால்தான் கொடுத்தேன், அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள். இப்போது அவர் என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறார், நானும் அவரை அவர் என்றுதான் சொல்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த வெள்ளைக் காரைக் கடைக்குக் கொண்டுவந்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் மாமா என்பார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அவர் போட்ட துளையில் அவர் மாட்டினது, அசையாமல் இருக்கிறது. உள்ளங்கையில் அந்த வரி இன்னும் போகவில்லை.

அவளும் கூட வருவாள். சாப்பிட்டீங்களா மாமா, பிரஷருக்கு மாத்திரை போடுதீங்களா என்று விசாரிப்பாள். பெங்களூரில் வீடு வாங்கும்போது என் தம்பியிடம் போனில் யோசனை கேட்டாளாம். பிள்ளைக்குப் பெயர் வைக்க அக்காவிடம் கேட்டாள். உள்ளதைச் சொல்லுங்க என்று அவள் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்டதில்லை.